மாப்பிள்ளை கையில் எந்தக் காகிதம்?

வெளிநாட்டு மாப்பிள்ளை என்றதும் எங்கள் பக்கம் மூன்று கேள்விகள் கேட்பார்கள். என்ன சம்பளம், சொந்த வீடு இருக்கா, பொண்ணை எப்பக் கூட்டிட்டுப் போவார்? முதல் இரண்டுக்கும் துருவித் துருவிப் பதில் வாங்கிவிடுவோம். மூன்றாவதற்கு மட்டும், "அதெல்லாம் ரெண்டு மூணு மாசத்துல விசா வந்துரும்" என்று தரகர் சொன்னால் சரியென்று தலையாட்டிவிடுவோம். பெண்ணைப் பெற்றவர்கள் அந்த மூன்றாவது கேள்வியைத்தான் நன்றாக விசாரிக்க வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

ஆமத்தூரில் எங்கள் தெருவிலிருந்து 2018-ல் இரண்டு பெண்களை அமெரிக்க மாப்பிள்ளைகளுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். ஒருத்தி என் தங்கை மகள். அவளுடைய மாப்பிள்ளை கிரீன் கார்டு வாங்கியவர். இன்னொருத்தியின் மாப்பிள்ளை எச்-1பி வேலை விசாவில் இருந்தவர். "கிரீன் கார்டுன்னா அங்கேயே நிரந்தரமாச்சே, பெரிய இடம்தான்" என்று ஊரே என் தங்கையை மெச்சியது. ஆனால் எச்-1பிக்காரரின் மனைவி மூன்றாவது மாதமே விமானம் ஏறிவிட்டாள். என் தங்கை மகள் போய்ச் சேர 2022 ஆகிவிட்டது.

இது என்ன அநியாயம் என்று தோன்றும். அந்த நாட்டுச் சட்டம் அப்படி. எச்-1பி விசாக்காரரின் மனைவிக்கு எச்-4 என்ற விசா உண்டு. அதற்கு ஆண்டுக்கு இத்தனை பேர்தான் என்ற கணக்குக் கிடையாது. அமெரிக்கக் குடியுரிமை பெற்றவரின் மனைவிக்கும் அந்தக் கணக்கு இல்லை. மனுவைப் பரிசீலிக்கிற காலம்தான். நடுவில் இருக்கிற கிரீன் கார்டுக்காரரின் மனைவி மட்டும் எஃப்2ஏ என்ற வரிசையில் நிற்க வேண்டும். மனைவி, கணவன், கல்யாணமாகாத 21 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் என்று உலகம் முழுவதற்கும் சேர்த்து அந்த வரிசைக்கு ஆண்டுக்குச் சுமார் 88 ஆயிரம் விசாக்கள்தான்.

இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. வேலை மூலம் கிரீன் கார்டு வாங்குகிறவர், அது கைக்கு வருவதற்கு முன்பே தாலி கட்டியிருந்தால், மனைவியும் அவரோடு சேர்ந்தோ பின்தொடர்ந்தோ போகலாம். கார்டு வந்த பிறகு தாலி கட்டினால் தனி மனு, தனி வரிசை. நல்ல நாள் பார்க்கிறவர்கள் இந்த நாளையும் பார்க்க வேண்டாமா?

வரிசை எப்படி நகர்கிறது என்றால், ரேஷன் கடை டோக்கன் மாதிரிதான். கணவர் மனு கொடுத்த தேதிதான் டோக்கன். எந்தத் தேதி வரை கூப்பிடுகிறார்கள் என்று அமெரிக்க வெளியுறவுத் துறை மாதாமாதம் அறிவிக்கும். ஆனால் ரேஷன் கடையில் டோக்கன் பின்னால் போகாது, இங்கே போகும். 2019 ஜூலையில் எஃப்2ஏ வரிசையில் எல்லோருக்கும் வழி திறந்தது. 2023 ஏப்ரலில் மறுபடி தேதி போட்டு, 2020 செப்டம்பர் 8-க்கு முன் மனு கொடுத்தவர்களுக்கு மட்டும் என்றார்கள்.

இது பழைய கஷ்டம்தான். வரிசையில் மூன்று ஆண்டு நின்றவர்கள் அங்கே போய்க் குடும்பத்தோடு காத்திருக்கட்டும் என்று 2000 டிசம்பரில் 'வி' விசா என்று ஒன்றைச் சட்டமாகவே கொண்டு வந்தார்கள். அந்த மாதம் 21-ம் தேதிக்குப் பிறகு மனு கொடுத்தவர்களுக்கு அதுவும் இல்லை.

என் தங்கை மகளுக்கு நேர்முகத் தேர்வு நெருங்கிய சமயம் கொரோனா வந்தது. 2020 மார்ச்சில் தூதரகங்கள் வழக்கமான விசா வேலையை நிறுத்தின. ஏப்ரலில் அதிபர் டிரம்ப் குடியேற்ற விசாக்களை நிறுத்தி உத்தரவு போட்டார். குடியுரிமை பெற்றவர்களின் மனைவிக்கு விலக்கு, கிரீன் கார்டுக்காரர்களின் மனைவிக்கு இல்லை. 2021 பிப்ரவரி 24-ல் அதிபர் பைடன்தான் அதை நீக்கினார். அதற்குள் எத்தனை பேருடைய கோப்பு குவிந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

அந்த நான்கு வருஷம் அவள் பட்ட பாட்டைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். மாமியார் வீட்டில் பாதி நாள், அம்மா வீட்டில் பாதி நாள். கோயிலுக்குப் போனாலும் கடைக்குப் போனாலும் "என்ன தாயி, இன்னும் போகலையா?" என்ற கேள்விதான். சிவகாசிப் பக்கத்துக்காரர்கள் வீட்டில் தேதி கிழிக்கிற காலண்டருக்குப் பஞ்சமில்லை. அவள் கிழிக்கவே மாட்டாள். "கிழிச்சா எண்ணத் தோணுது பெரியம்மா" என்பாள்.

அதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. எம்.எஸ்சி. கணிதம் படித்தவள். பள்ளிக்கூடத்தில் வேலை வந்தது. "இன்னைக்கோ நாளைக்கோ விசா வந்துரும், எதுக்கு வேலையில சேர்ந்துக்கிட்டு" என்று இரண்டு வீட்டாரும் தடுத்துவிட்டார்கள். பி.எட். சேரவும் அதே பதில். இரண்டு பி.எட். முடிக்கிற காலம் வீணாய்ப் போனது. விசா தாமதமானது அந்த நாட்டுச் சட்டத்தால். அந்த நாட்களை வெறுமையாக்கியது நம் வீட்டுப் பேச்சு.

ஆகவே சகோதரிகளே, ஜாதகம் வாங்கும்போதே, மாப்பிள்ளை எந்த விசாவில் இருக்கிறார் என்று கேளுங்கள். கிரீன் கார்டு என்றால், எப்போது கிடைத்தது, குடியுரிமைக்கு எப்போது மனு கொடுக்க முடியும் என்றும் கேளுங்கள். அவர் குடியுரிமை வாங்கியதும் மனைவி அந்த வரிசையிலிருந்து வெளியே வந்துவிடலாம். எச்-1பி என்றாலும் எல்லாம் சுகமில்லை. எச்-4 மனைவிக்கு உடனே வேலை பார்க்க அனுமதி இல்லை. கணவரின் கிரீன் கார்டு மனு குறிப்பிட்ட கட்டத்தைத் தாண்டியிருந்தால் வேலை அனுமதி கேட்கலாம் என்ற விதியே 2015 மே மாதம்தான் வந்தது.

சிங்கப்பூர், துபாய் மாப்பிள்ளை என்றாலும் இதே விசாரிப்பு வேண்டும். சிங்கப்பூரில் ஒர்க் பெர்மிட்டில் இருப்பவர் மனைவியைக் கூட்டிப்போய் வைத்துக்கொள்ள முடியாது. எத்தனை வருஷம் காத்திருந்தாலும் அதே பெர்மிட்டில் அது நடக்காது. துபாயில் மாதம் 4,000 திர்ஹாம் சம்பளம், அல்லது 3,000 திர்ஹாமும் தங்க இடமும் இருந்தால்தான் மனைவிக்கு விசா எடுக்கலாம். இங்கிலாந்தில் 2024 ஏப்ரலிலிருந்து மனைவியை அழைக்க ஆண்டு வருமானம் 29,000 பவுண்டு வேண்டும் என்றார்கள். அதற்கு முன் 18,600 பவுண்டுதான்.

கல்யாணம் முடிந்ததும் பதிவைத் தள்ளிப்போடாதீர்கள். தமிழ்நாட்டில் 2009-ம் ஆண்டுச் சட்டப்படி 90 நாளுக்குள் திருமணத்தைப் பதிவு செய்ய வேண்டும். பிறப்புச் சான்று, பள்ளிச் சான்று, பாஸ்போர்ட் மூன்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். நமக்கு இனிஷியல் பழக்கம். ஒன்றில் 'எஸ்', இன்னொன்றில் அப்பாவின் முழுப்பெயர் என்று இருந்தால் அதற்கே விளக்கம் கேட்டு மாதக் கணக்கில் இழுக்கும். கல்யாண ஆல்பத்தோடு நிச்சயதார்த்தப் படங்களையும் பத்திரமாக வையுங்கள். உண்மையான கல்யாணம்தானா என்று கேட்கும்போது உதவும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, காத்திருக்கிற பெண்ணை வேலைக்கு விடுங்கள், படிக்க விடுங்கள். விசா வந்த அன்றைக்கு ராஜினாமா கொடுத்துக்கொள்ளலாம். என் தங்கை மகள் இப்போது அங்கே கல்லூரியில் சேர்ந்து படிக்கிறாள். "இங்க வந்து மொதல்லேர்ந்து ஆரம்பிக்கிறேன் பெரியம்மா" என்று போனில் சொன்னாள். நம் மற்ற பெண்களுக்காவது அந்த நாலு வருஷம் மிச்சமாகட்டும்.

- ஒரு வாசகி, ஆமத்தூர்.