ஒரே சொல், இரு வேறு கற்கள்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி போன்ற புறநகர்களின் நகைக்கடைகளில் வாடிக்கையாளர் கேட்கும் முதல் கேள்வி, "இது அசல் கல்லா, செயற்கையா?" என்பதுதான். கேள்வி நியாயமானது. ஆனால், "செயற்கை" என்ற விடை எதையும் தெளிவாக்குவதில்லை. சந்தையில் இருப்பவை மூன்று வகைக் கற்கள். நம்மிடம் இருப்பவையோ இரண்டே சொற்கள்.

திருச்சி வட்டாரத்தில் குடிசைத் தொழிலாகப் பட்டை தீட்டப்படுவதைச் செயற்கை வைரம் என்கிறோம். கடைகளில் "அமெரிக்கன் டைமண்ட்" என்று விற்கப்படும் கல் பெரும்பாலும் கியூபிக் சிர்கோனியா, அதாவது சிர்கோனியம் ஆக்சைடு. அதில் கார்பன் இல்லை. ஒளிர்வில் மட்டுமே வைரத்தை ஒத்தது.

ஆய்வகத்தில் வைரம் வளர்க்கும் ஆராய்ச்சிக்காக, 2023-24 மத்திய நிதிநிலை அறிக்கையைத் தொடர்ந்து சென்னை ஐஐடிக்கு ஐந்தாண்டுகளுக்கு ஏறத்தாழ 242 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. அங்கு உருவாவதையும் செயற்கை வைரம் என்றே எழுதுகிறோம். ஆனால், அது கார்பனால் ஆனது. கடினத்தன்மை அளவுகோலில் சுரங்க வைரத்தைப் போலவே 10 என்ற நிலையில் நிற்பது. விளைந்த இடம் மட்டுமே வேறு.

மாணிக்கத்திலும் இதே குழப்பம்தான். அலுமினிய ஆக்சைடு பொடியைச் சுடரில் உருக்கி மாணிக்கம் வளர்க்கும் முறையை பிரெஞ்சு வேதியியலாளர் வெர்னூய் 1902-இல் வெளியிட்டார். அந்தக் கல்லும் சிவப்புக் கண்ணாடியும் ஒன்றல்ல. ஆனால், இரண்டுமே "கெம்பு" என்ற பெயரில் விற்கப்படலாம்.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். விலை இருக்கிறது. விற்பவர் அறிந்ததை வாங்குபவர் அறியாத சந்தையில் தரமான பொருள் மெல்ல வெளியேறிவிடும் என்பதை ஜார்ஜ் ஏகர்லாஃப் 1970-இல் விளக்கினார். அப்பணிக்காக 2001-இல் நோபல் பரிசும் பெற்றார். வெறும் கண்ணால் தரம் பிரிக்க முடியாத கற்களின் சந்தை இதற்குத் தக்க சான்று. வகையை மறைக்கும் ஒரு சொல், ஏமாற்றுபவருக்குச் சாதகமாகவும் நேர்மையான வணிகருக்குப் பாதகமாகவும் அமைகிறது.

ஹால்மார்க் முத்திரை இருக்கிறதே என்று பலர் நிம்மதி கொள்கின்றனர். அம்முத்திரை உறுதிப்படுத்துவது தங்கத்தின் தூய்மையை மட்டுமே. பதித்த கல்லைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. நகையை அடகு வைக்கச் செல்லும் நாளில், கல்லின் எடையைக் கழித்துவிட்டுத் தங்கத்தை மட்டும் மதிப்பிடும்போதுதான் பல குடும்பங்களுக்கு உண்மை உறைக்கிறது.

இயற்கைக் கல், ஆய்வகக் கல், சாயல் கல் என மூன்று சொற்களை நாம் வழக்குக்குக் கொண்டுவரலாம். "போலி" என்ற சொல்லில் மோசடியின் வாடை இருப்பதால் வணிகர்கள் அதைத் தவிர்க்கின்றனர். "சாயல்" என்பதில் அந்தச் சங்கடம் இல்லை. சாயல் கல்லை வாங்குவது குற்றமல்ல. அதை வைரத்தின் விலைக்கு வாங்குவதுதான் இழப்பு.

கல்லின் வகை, எடை, விலை ஆகியவற்றைத் தங்கத்திலிருந்து பிரித்து ரசீதில் எழுதித் தருமாறு கேட்பது வாடிக்கையாளரின் உரிமை. விலையுயர்ந்த கல்லெனில் ஆய்வகச் சான்றிதழையும் கேட்க வேண்டும். எழுதித் தரத் தயங்கும் கடையில் வாங்கத் தயங்குவதே அறிவுடைமை.