முனியாண்டியை லோரியில் ஏற்றினால் போதுமா?

தோட்டம் கைமாறுகிறது, அங்கே வீடமைப்புத் திட்டம் வருகிறது, கோயிலை வேறு இடத்துக்கு மாற்றச் சொல்கிறார்கள். கெடாவில் இது புதுசு இல்லை. “சாமியைத் தூக்கி லோரியில வெச்சா முடிஞ்சது, இதுக்கு ஏன் இத்தனை நாள்?” என்ற கேள்வியும் புதுசு இல்லை.

முதல் விஷயம், பால்மரக் காட்டு எல்லையில் இருக்கும் முனியாண்டிக்குப் பல இடங்களில் சிலையே கிடையாது. மஞ்சள் பூசிய கல், எலுமிச்சை குத்திய சூலம், படையலுக்குச் சுருட்டு. அவ்வளவுதான். காவல் காப்பது அந்தக் கல்லில் இறக்கி வைத்த சக்தி என்பதுதான் நம்பிக்கை.

ஆப்பிரிக்காவில், காங்கோ ஜனநாயகக் குடியரசின் சொங்யே மக்களும் கிட்டத்தட்ட இப்படித்தான் நினைக்கிறார்கள். அவர்களுடைய காவல் உருவத்தின் பெயர் ‘ங்கிஷி’. சிற்பி செதுக்கித் தரும்போது அது வெறும் மரம். ‘ங்கங்கா’ எனப்படும் சடங்கு வைத்தியர் அதன் வயிற்றிலும் தலையிலும் ‘பிஷிம்பா’ என்ற மருந்துச் சரக்கை அடைத்த பிறகுதான் அதற்குச் சக்தி. செடி, விலங்கு, மண் என்று பலதும் அதில் சேரும். உச்சந்தலையில் கொம்பு, முகத்தில் செம்புத் தகடு. பெரிய உருவம் ஊருக்கே பொது. நோயையும் சூனியத்தையும் தடுக்கும், பிள்ளை வரம் தரும். கையால் தொட மாட்டாங்க. கம்பு கட்டித்தான் தூக்குவாங்க.

‘மருந்து’ என்ற சொல் நமக்கும் பழக்கம்தானே? கும்பாபிஷேகத்தில் சிலைக்கும் பீடத்துக்கும் நடுவே சாத்துவது அஷ்டபந்தன மருந்து, 8 பொருளை இடித்துச் செய்வது. பீடத்துக்கு அடியில் யந்திரத் தகடும் இருக்கும். இன்னும் பழைய சாட்சி மெர்போக்கில் இருக்கிறது. பூஜாங் பள்ளத்தாக்கின் புக்கிட் பத்து பகாட் கோயிலைத் தோண்டியபோது கற்பெட்டிகள் கிடைத்தன. உள்ளே செம்புக் கலசம், அதற்குள் பொன்னும் மணிகளும்.

உள்ளே வைத்ததை எடுக்கவும் முறை உண்டு. பல கோயில்களில் சக்தியை முதலில் கும்ப நீருக்கு மாற்றுவார்கள். பிறகு பாலாலயம். அதன்பிறகே கல்லில் கை வைப்பார்கள். சின்னக் கோயிலென்றால் பூசாரி பழைய இடத்திலிருந்து பிடிமண் எடுத்துப் போவார்.

சொங்யே உருவங்களுக்கு இந்த வாய்ப்புப் பெரும்பாலும் கிடைக்கவில்லை. ஐரோப்பிய மியூசியங்களில் நிற்கும் பலவற்றின் வயிற்றுக் குழி காலி.

இங்கே கோயில் கமிட்டி “நல்ல நாள் பாக்கணும்” என்று அவகாசம் கேட்பது இந்த வேலைக்குத்தான். லோரி கடைசியில்தான் வரும்.