நடிகர் வைத்த தர்மம்

லண்டன் மாநகரம் நாற்புறமும் பரவி, வழியில் அகப்பட்ட கிராமங்களையெல்லாம் தன்னுள் கரைத்துக்கொண்டு வந்த காலத்திலும், அதன் தென்பகுதியிலுள்ள டல்விச் என்னும் ஊர் மட்டும், மரங்கள் அடர்ந்த வீதிகளும் பசும்புல் வெளிகளுமாகத் தன் கிராமக் களை கெடாமல் நிலைத்து நிற்கிறது. 967-ஆம் ஆண்டில் எட்கர் மன்னர் அளித்த சாஸனத்திலேயே ஊரின் பெயர் காணப்பட்டாலும், இன்று நாம் காணும் டல்விச்சை உருவாக்கிய பெருமை எட்வர்ட் ஆலெய்ன் என்ற நாடக நடிகரையே சாரும்.

பிரபு ஒருவரின் ஆதரவு இல்லாத நடிகர்களை நாடோடிகளோடு சேர்த்துத் தண்டிக்க 1572-ஆம் ஆண்டுச் சட்டம் இடங்கொடுத்த தேசத்தில், மார்லோ இயற்றிய நாடகங்களில் தைமூராகவும் ஃபாஸ்டஸாகவும் நடித்துக் கீர்த்தி பெற்று, நாடகசாலை வருமானத்தாலும், அக்காலத்து ஜனங்கள் பெரிதும் விரும்பிய கரடிச் சண்டைக் காட்சிகளாலும் செல்வம் சேர்த்த அவர், 1605-இல் டல்விச் பண்ணையை வாங்கத் தொடங்கினார். மகப்பேறில்லாத அவர் அந்த நிலம் முழுவதையும் தர்மத்துக்கே எழுதிவைக்கத் துணிந்தபோது, மகாமேதையான பிரான்சிஸ் பேக்கனே அதற்குத் தடை சொன்னாராயினும், முதலாம் ஜேம்ஸ் மன்னரின் அனுமதி 1619-இல் கிடைத்தது. ‘கடவுளின் கொடைக் கல்லூரி’ என்று பெயரிடப்பட்ட அந்த ஸ்தாபனத்தில் ஏழைச் சிறுவர் பன்னிருவருக்குக் கல்வியும், முதியவர்களில் ஆண்கள் அறுவருக்கும் பெண்கள் அறுவருக்கும் ஊணும் உறைவிடமும் அளிக்க ஏற்பாடாயிற்று.

கல்லூரியின் தலைவரும் உபதலைவரும் ஆலெய்ன் அல்லது ஆலன் என்ற குடிப்பெயர் உடையவர்களாகவே இருக்கவேண்டுமென்று அவர் விதித்த நிபந்தனை இரண்டு நூற்றாண்டுகளுக்குமேல் அமலில் இருந்தது. அத்தலைவர்களுள் ஜேம்ஸ் ஆலன் என்பவர், 1741-இல் தொடங்கிவைத்த பாடசாலை, பெண்கள் பள்ளியாக வளர்ந்து இன்றும் நடைபெறுகிறது.

டல்விச்சுக்குச் செல்பவர்கள் முதலில் காணவேண்டியது அங்குள்ள சித்திரசாலை. போலந்து மன்னர் ஸ்தானிஸ்லாஸ், தம் தேசத்துக்கு ஒரு சித்திரக்கூடம் வேண்டுமென்று விரும்பி, லண்டனில் ஓவிய வியாபாரம் செய்துவந்த தெஸான்ஃபான், பூர்ஷ்வா என்ற நண்பர்கள் இருவரிடம் 1790-இல் அப்பணியை ஒப்படைத்தார். அவர்கள் ஐந்தாண்டுகள் அலைந்து சேகரித்து முடிப்பதற்குள் அண்டை வல்லரசுகள் போலந்தையே பங்கிட்டுக்கொண்டுவிட்டதால், மன்னருக்கு முடியும் இல்லை, சித்திரங்களுக்கு வீடும் இல்லை. 1811-இல் பூர்ஷ்வா காலமானபோது அவை ஆலெய்ன் நிறுவிய டல்விச் கல்லூரியைச் சேர்ந்தன. சர் ஜான் ஸோன் கட்டிய மண்டபத்தில் வெளிச்சம் கூரையிலிருந்து இறங்கிச் சுவர்களில் பரவுகிறது. மேற்குப்புறத்தில், நண்பர்கள் இருவரும் தெஸான்ஃபானின் மனைவியும் துயிலும் சமாதி, பொன்னிறக் கண்ணாடி வழியே வரும் ஒளியில் மூழ்கியிருக்கிறது. அந்தச் சமாதிக்கு இருமருங்கிலும் ஏழை மூதாட்டிகளுக்கு அறைகள் கட்டிக்கொடுத்தார்கள் என்பதை எண்ணும்போது, கலையும் தர்மமும் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்த அந்த ஏற்பாட்டைப் போற்றாமல் இருக்க முடியவில்லை. 1817-இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட இதுவே, அதற்கென்றே இங்கிலாந்தில் கட்டப்பட்ட முதல் சித்திரசாலை.

1789-இல் ஏற்பட்ட சுங்கச்சாவடி ஒன்று கல்லூரிச் சாலையில் இன்றும் வண்டிகளிடம் பணம் வசூலித்துவருகிறது. லண்டனில் எஞ்சியிருக்கும் சாவடி இது ஒன்றே.

கல்லூரிக்கு ஆலெய்ன் எழுதிவைத்த நிலத்தின் வருமானம் பெருகிய பிறகும் பன்னிரண்டு பிள்ளைகளுக்குமேல் சேர்க்காமல் நிர்வாகிகள் சுகமாகக் காலங்கழித்ததைக் கண்டு பொறாத பார்லிமெண்டு, 1857-இல் சட்டமியற்றிப் பழைய அமைப்பைக் கலைத்தது. ரயில் பாதைக்காக எடுத்துக்கொண்ட நிலத்துக்கு வந்த நஷ்டஈட்டுப் பணம், கட்டடக்கலை நிபுணர் சார்லஸ் பாரியின் மகன் கட்டிய புதிய கல்லூரி மாளிகைக்குப் பயன்பட்டது. எஞ்சிய நிலம் சிதறாமல் தர்ம ஸ்தாபனத்தின் கையிலேயே இருந்தபடியால்தான், மற்ற ஊர்களைப்போல் டல்விச் துண்டு துண்டாக விலைபோகவில்லை.

கல்லூரியில் உபகாரச் சம்பளங்கள் உண்டென்றாலும், இன்று அங்கே படிப்பவர்கள் பெரும்பாலும் மிகுந்த கட்டணம் செலுத்த வல்லவர்களின் பிள்ளைகளே. இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின், கில்க்ஸ் என்ற தலைவரின் முயற்சியால், மாணவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு உள்ளூராட்சிகளே கட்டணம் செலுத்தி, எளிய குடும்பத்துப் பிள்ளைகளும் திரளாக வந்து படித்தார்கள்; பிற்பாடு அந்த உதவி நின்றுபோயிற்று. நானூறு ஆண்டுச் சரித்திரத்தில் ஆலெய்னின் சித்தத்துக்கு மிக அருகில் கல்லூரி சென்ற காலம் அதுவே என்பது என் துணிபு.