சுவரை உலாவ அழைத்துச் சென்றவர்

சிற்பி என்றால், தம் பட்டறையில் அமர்ந்து, மனத்திலே முன்பே உருவான மூர்த்தியை உளியால் வெளிக்கொணர்ந்து, பிறகு அதை உரிய இடத்திற்குக் கொண்டுபோய் நிறுத்துகிறவர் என்பதே நம்மில் பலருடைய எண்ணம். இந்தக் கிரமத்தைத் தலைகீழாக்கி, முதலில் ஸ்தலம், பின்னரே சிற்பம் என்று கொண்ட கலைஞர்களின் காரியம் விளங்கவேண்டுமானால், வடமேற்கு இங்கிலாந்தின் ஏரிப் பிரதேசத்திலுள்ள கிரைஸ்டேல் வனத்தைப் பார்க்கவேண்டும்.

அங்கே 1977-இல் ஒரு விசேஷமான ஏற்பாடு தொடங்கியது. சிற்பிகளை வரவழைத்து, வனத்திலேயே வாசம் செய்யவைத்து, அங்கே கிடைக்கும் மரத்தையும் கல்லையும் கொண்டே படைக்கச் செய்தார்கள். ஒருநாள் வந்து போகிறவனுக்குக் காடு முழுவதும் ஒரே பச்சை. மழையிலும் பனியிலும் அதற்குள்ளேயே நடமாடுகிறவனுக்குத்தான் எந்தச் சரிவில் நீர் இறங்குகிறது, எந்தத் தோப்பில் வெளிச்சம் நுழைவதில்லை என்பது புலனாகும். ஆகையால் அந்த வாசத்தையே சிற்பியின் முதல் உளி என்பேன்.

1978-இல் அங்கே தங்கிய டேவிட் நாஷ், ஓடை நீரைக் குடைந்த அடிமரங்களிலும் கிளைகளிலும் ஏந்திச் சரிவில் இறக்கும் மரவாய்க்கால் ஒன்றை அமைத்தார். 1984-இல் ஆண்டி கோல்ட்ஸ்வொர்தி, நெடிதுயர்ந்த பைன் மரங்களுக்கு நடுவே, அவற்றின் தண்டுகளையே ஒன்றோடொன்று சாய்த்து, கூம்பி மேலெழும் ஏழு ஸ்தூபிகளாக நிறுத்தினார். மரம் எது, சிற்பம் எது என்று க்ஷணநேரம் மயங்கவைக்கும் அதையே வெட்டவெளியில் நாட்டியிருந்தால், அடுக்கிவைத்த விறகென்றுதான் யாரும் நினைப்பார்கள்!

ஆயினும் என் மனம் லயிப்பது, அவர் 1990-இல் அதே வனத்தில் எழுப்பிய கற்சுவரில்தான். ஆடுகளை மறிப்பதற்காகச் சாந்தின்றிக் கல்மேல் கல்லாக அடுக்கிய சுவர்கள், மேடு பள்ளம் பாராமல் அந்த மலைச்சரிவுகளெங்கும் ஓடுகின்றன. கோல்ட்ஸ்வொர்தியின் சுவரோ மரத்துக்கு மரம் வளைந்து, ஒவ்வொன்றுக்கும் வழிவிட்டுப் பாம்புபோல் நெளிந்து செல்கிறது. 'சுவரை உலாவ அழைத்துச் செல்லுதல்' என்பது அதன் பெயர். பின்னர் 1997-98-இல் நியூயார்க் மாநிலத்து ஸ்டார்ம் கிங் கலைப்பூங்காவிலும், 2,278 அடி நீளத்துக்கு இவ்வாறே மரங்களைச் சுற்றி வளைந்து, ஒரு குளத்தில் இறங்கி மறுகரையில் ஏறும் சுவரை அவர் அமைத்தார்.

நாஷின் மரவாய்க்கால் இப்போது இல்லை. அது மக்கி, வந்த மண்ணுக்கே போய்விட்டது.