790 காயங்களின் சாட்சியம்

ஜப்பானின் ஒகயாமா பகுதியில், செட்டோ உள்நாட்டுக் கடலை ஒட்டி சுகுமோ என்னும் இடத்தில் ஒரு சிப்பி மேடு இருக்கிறது. ஜப்பானின் அமில மண் எலும்பை அரித்துவிடும். ஆனால் சிப்பிகளின் சுண்ணாம்பு அந்த அமிலத்தைத் தணித்ததால், அங்கே புதைக்கப்பட்டவர்களின் எலும்புகள் தப்பின. அவற்றுள் ஒன்றுதான் 24-ஆம் எண் எலும்புக்கூடு. கி.மு. 1370-க்கும் 1010-க்கும் இடையில், ஜோமோன் என்னும் தொல்பழங்காலத்தில் இறந்த ஓர் ஆணுடையது.

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோண்டி எடுக்கப்பட்டு, கியோட்டோ பல்கலைக்கழகத்தில் வைக்கப்பட்டிருந்த அந்த எலும்புகளை ஆக்ஸ்ஃபோர்டின் அலிசா வைட்டும் ரிக் ஷுல்டிங்கும் ஆராய்ந்தபோது திகைத்துப் போனார்கள். வெட்டு, துளை, முறிவு என்று குறைந்தது 790 காயங்கள். வலது காலையும் இடது கையின் மணிக்கட்டுக்குக் கீழ்ப்பகுதியையும் காணோம்.

எப்போது பட்ட காயங்கள் இவை? காயம்பட்டவர் பிழைத்திருந்தால், உடைந்த விளிம்பு மழுங்கிப் புது எலும்பு படர்ந்திருக்கும். இறந்து நெடுநாள் கழித்து உடைந்திருந்தால், காய்ந்த சுள்ளிபோல் முறிந்திருக்கும். இங்கே இரண்டும் இல்லை. உயிர் பிரியும் வேளையில் பட்ட காயங்கள் அவை.

யார் செய்தது? ஜோமோன் மக்களின் கல் கருவிகள் இப்படிப்பட்ட தடங்களை விடுவதில்லை. நிலத்து விலங்குகளின் கடியும் ஒத்துவரவில்லை. ரம்பம்போன்ற பற்கள் எலும்பை உரசி இழுத்த கோடுகள் ஒரே திசையைக் காட்டின: சுறா. சுறாத் தாக்குதல்களை நெடுங்காலம் ஆராய்ந்த ஜார்ஜ் பர்ஜஸும் இந்த ஆய்வில் கைகொடுத்தார். ஒவ்வொரு காயத்தையும் முப்பரிமாண உடல் மாதிரியில் குறித்துப் பார்த்தார்கள். புலிச்சுறாவோ வெள்ளைச் சுறாவோ தாக்கியிருக்கலாம் என்ற முடிவு 2021-இல் வெளியானது. தடுக்க நீட்டிய இடது கையைச் சுறா கவ்வியிருக்க வேண்டும்.

அந்த எலும்புகளில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. உடலை யாரோ கடலிலிருந்து விரைவிலேயே மீட்டிருக்கிறார்கள். துண்டாகிப்போன இடது காலையும் விட்டுவிடாமல் உடலின் மேல் வைத்து, ஊராரின் இடுகாட்டிலேயே புதைத்திருக்கிறார்கள். அன்று அவர் தனியாகக் கடலுக்குப் போகவில்லை போலும்.

சுமார் 100 ஆண்டுகள் பத்திரமாக இருந்ததால்தான் இந்த எலும்புகளை இன்று படிக்க முடிந்தது. நம் அருங்காட்சியகங்களில் உள்ள பழைய எலும்புகளையும் அதே அக்கறையோடு காப்போம். அவற்றைப் படிக்கும் கருவி நாளை வரக்கூடும். தொலைந்த எலும்பு திரும்பி வராது.