சேவ் பண்ணது சரி, திரும்ப எப்படி எடுக்கிறது?

செகண்ட் ரிவ்யூவுக்கு முந்தின நாள் ராத்திரி பதினொன்றரை மணி. எங்கள் ப்ராஜெக்ட் சாமைக்கு உமி நீக்குற சின்ன மெஷின். ஜவ்வாது மலைக்காரங்க வீட்டளவுல ஓட்டுற மாதிரி செய்யணும்னு ஆரம்பிச்சது. கைடு கேட்டது ஒரே ஒரு கேள்விதான்: "ஈரப்பதம் இவ்வளவுன்னு போட்டிருக்கீங்களே, சோர்ஸ் எங்கப்பா?" சோர்ஸ் இருந்தது. நானே படிச்சு, ஸ்டார் பட்டனை அழுத்தி புக்மார்க் பண்ணி வெச்சிருந்தேன். ஆனா என் ப்ரௌசர்ல மொத்தம் 611 புக்மார்க் இருந்தது.

'சாமை'ன்னு தமிழ்ல தேடினேன், வரல. அதையே ஆங்கில எழுத்துல அடிச்சேன், வரல. 'லிட்டில் மில்லட்' அடிச்சா மூணு சமையல் குறிப்பு வந்தது (அதுல ஒண்ணு சாமை பிரியாணி, நல்லாவே இருந்தது). ஹிஸ்டரியில பார்க்கலாம்னா, குரோம் 90 நாளைக்கு முந்தைய ஹிஸ்டரியைத் தானே அழிச்சிடும். நான் படிச்சது ஜூலையில, தேடினது டிசம்பர்ல.

கடைசியில 611-ஐயும் ஒவ்வொண்ணா ஓட்டிப் பார்த்தப்போதான் விஷயம் புரிஞ்சது. நாம தேடுறது ரெண்டு பக்கம். முதல் பக்கத்தோட தலைப்புல சாமைங்கிற பேரே இல்ல, 'பேனிகம் சுமத்ரென்ஸ்'னு தாவரவியல் பேர் இருந்தது. ரெண்டாவது ஒரு பிடிஎஃப். அதோட தலைப்பு 'மைக்ரோசாஃப்ட் வேர்ட் - ஃபைனல் 2'. யாரோ ஒருத்தர் அவசரத்துல வேர்டுல இருந்து மாத்தி அப்லோட் பண்ணியிருக்கார், அந்தத் தலைப்பு அப்படியே என் புக்மார்க்ல வந்து உட்கார்ந்துடுச்சு.

புக்மார்க் பண்ணும்போது ப்ரௌசர் எடுத்து வைக்கிறது ரெண்டே விஷயம்தான்: பக்கத்தோட தலைப்பு, அதோட முகவரி. உள்ளே என்ன எழுதியிருக்குன்னு அதுக்குத் தெரியாது. புக்மார்க்ல தேடும்போதும் தலைப்பையும் முகவரியையும்தான் பார்க்கும். தலைப்பை வெச்சது அந்த வெப்சைட்காரர். ஞாபகம் வெச்சுக்கிறது நாம. ரெண்டு பேரோட வார்த்தையும் வேற வேறன்னா தேடல் தோத்துடும்.

நம்ம ஊர்க்காரங்களுக்கு இந்தத் தொல்லை கொஞ்சம் அதிகம். திருப்பத்தூரை ஆங்கிலத்துல 'டபுள் டி' போட்டு எழுதறவங்க உண்டு, 'டி ஹெச்' போட்டு எழுதறவங்க உண்டு, ஆரம்பத்துலயே 'ஹெச்' சேர்க்கிறவங்களும் உண்டு. சிவகங்கை மாவட்டத்துல இன்னொரு திருப்பத்தூர் வேற இருக்கு. ஜவ்வாது மலைக்கோ ஜவாது, ஜவாதி, ஜவாடின்னு ஆளுக்கொரு ஸ்பெல்லிங். நம்ம மாவட்டம் பிறந்ததே 2019 நவம்பர் 28-ல. அதுக்கு முந்தைய பயிர்க் கணக்கு எல்லாம் வேலூர் மாவட்டத்துக்குள்ள இருக்கும். 1989-க்கும் முன்னாடி போனா வட ஆற்காடு. புதூர்நாட்டுல சாமை எவ்வளவு விளைஞ்சதுன்னு தேடுறவன் இத்தனை பேரையும் ஞாபகம் வெச்சிருக்கணும்.

அதனால நான் இப்ப செய்யறது ரொம்பச் சின்ன வேலை. கன்ட்ரோல் + டி அழுத்தினா ஒரு சின்னப் பெட்டி வருதே, அதுல 'பெயர்'ங்கிற இடத்தை நாம யாருமே தொடுறதில்ல, நேரா 'டன்' அழுத்திடுவோம். அங்கே நிறுத்தி, பழைய தலைப்புக்கு முன்னாடி நம்ம வார்த்தையைச் சேர்க்கணும். இப்ப அந்த புக்மார்க்கோட பேர் இப்படி ஆரம்பிக்குது: 'சாமை லிட்டில் மில்லட் ஈரப்பதம் டேபிள், உமி மெஷின் ரிவ்யூ'. அதாவது பொருள் என்ன, உள்ளே எனக்கு வேண்டியது எது, எதுக்காக எடுத்தேன். தமிழும் ஆங்கிலமும் கலந்தே போடுங்க, ஏன்னா தேடற நேரத்துல கீபோர்டு எதுல இருக்கும்னு சொல்ல முடியாது. பத்து செகண்ட் ஆகும்.

ஃபோல்டர் போட்டா போதாதான்னு கேட்பீங்க. நானும் 14 ஃபோல்டர் போட்டவன்தான். சாமை ஈரப்பதக் கட்டுரை 'ப்ராஜெக்ட்'லயா, 'மில்லட்'லயா, 'படிக்கணும்'லயா? ஒரு ஃபோல்டர்லதான் வைக்க முடியும், தேடற அன்னிக்கு வேற ஃபோல்டர்தான் ஞாபகம் வரும். ஃபயர்ஃபாக்ஸ்ல டேக் வசதி இருக்கு, ஒரே பக்கத்துக்கு நாலு டேக்கூட ஒட்டலாம். அங்கே அட்ரஸ் பார்ல நட்சத்திரக் குறி * போட்டு ஸ்பேஸ் விட்டுத் தேடினா புக்மார்க்குள்ள மட்டும் தேடும். குரோம்ல அதுக்குப் பதிலா @ போட்டு 'புக்மார்க்ஸ்'னு ஆங்கிலத்துல அடிச்சு டேப் தட்டணும்.

இது நம்ம சோம்பேறித்தனம் மட்டும் இல்ல. அமெரிக்காவுல வாஷிங்டன் பல்கலைக்கழகத்து வில்லியம் ஜோன்ஸ் குழு 2001-லயே இதை ஆராய்ச்சி பண்ணாங்க. லிங்க்கைத் தனக்குத்தானே மெயில் அனுப்பிக்கிறது, பிரிண்ட் எடுத்து வைக்கிறதுன்னு ஆளுக்கொரு வழி வெச்சிருந்தாங்களாம். நாம வாட்ஸ்அப்ல நமக்கே அனுப்பிக்கிறோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

நம்ம மலையில இருக்கிற காவலூர் வைணு பாப்பு ஆய்வகத்துல 1988-ல கண்டுபிடிச்ச ஒரு சிறுகோளுக்கு ராமானுஜன்னு பேர், எண் 4130. ஒரு ராத்திரி பார்த்துட்டா அந்த எண் கிடைச்சிடாது. பலமுறை பார்த்து, பாதையைக் கணக்குப் போட்டு, அடுத்து எங்கே வரும்னு உறுதியா சொல்ல முடிஞ்சாதான் எண் கொடுப்பாங்க. நம்ம புக்மார்க்ல பாதிக்கு மேல எண் கிடைக்காத கேஸ்.

சரி, என் ரெண்டு பக்கத்துக்கு வருவோம். தாவரவியல் பேர்ல இருந்தது திறந்தது, தானிய அளவு எல்லாம் கிடைச்சது. அதுக்கு டிஓஐ எண் இருந்ததால அதையும் புக்மார்க் பேர்லயே சேர்த்துட்டேன். கட்டுரை வேற முகவரிக்கு மாறினாலும் அந்த எண் நம்மைக் கூட்டிட்டுப் போயிடும். ஆனா கைடு கேட்ட ஈரப்பதம் இருந்தது 'ஃபைனல் 2'வுல. கிளிக் பண்ணா 404. வெப்சைட்டைப் புதுசாக்கும்போது பழைய ஃபைலை எடுத்துட்டாங்க போல. வேபேக் மெஷின்லயும் யாரும் அதைச் சேமிக்கல. படிச்ச அன்னிக்கே அங்கே 'சேவ் பேஜ் நவ்'ல முகவரியைப் போட்டிருந்தா ஒரு காப்பி நின்னிருக்கும். காசு கிடையாது, ஒரு நிமிஷ வேலை.

லிங்க்கைச் சேமிச்சுத் தர்ற சர்வீஸை நம்புறவங்களுக்கும் ஒரு வார்த்தை. கூகுள் புக்மார்க்ஸ் 2021 செப்டம்பர் 30-ல மூடப்பட்டது. பாக்கெட் 2025 ஜூலை 8-ல போச்சு. ப்ரௌசர்லயே புக்மார்க் மேனேஜருக்குப் போய் 'எக்ஸ்போர்ட்' கொடுத்தா எல்லாம் ஒரே ஹெச்டிஎம்எல் ஃபைலா வரும், எந்த ப்ரௌசர்லயும் ஏத்திக்கலாம். செமஸ்டருக்கு ஒரு தடவை எடுத்து டிரைவ்ல போட்டு வையுங்க.

ரிவ்யூவுல சோர்ஸ் இல்லைன்னு ஒத்துக்கிட்டோம், மார்க் போச்சு. அடுத்த ஞாயிறு டீம்ல ரெண்டு பேர் பஸ் ஏறி புதூர்நாடு போய், ஒரு வீட்டுல உமியோட ரெண்டு கிலோ சாமை வாங்கிட்டு வந்தோம். லேப் ஓவன்ல 105 டிகிரியில வெச்சு, முன்னாடியும் பின்னாடியும் எடை போட்டு, மூணு தடவை அளந்தோம். ரிப்போர்ட்ல அந்த இடத்துல இப்ப எங்க சொந்த ரீடிங் இருக்கு. 'ஃபைனல் 2' லிங்க்கை இன்னும் டெலிட் பண்ணல. பேர் மட்டும் மாத்தியிருக்கேன்: 'சாமை ஈரப்பதம், செத்துப்போச்சு, தேடாதே'.