நின்றால் மங்கும் முகப்பு விளக்கு

இரவில் சிவப்பு விளக்கைக் கண்டு கார் நிற்கிறது. சாலையில் பளிச்சென்று விழுந்துகொண்டிருந்த வெளிச்சம் மஞ்சளித்து மங்குகிறது. ஆக்ஸிலேட்டரைச் சற்று அழுத்தினால் மீண்டும் வெளுக்கிறது. பழைய கார்களில் நம்மில் பலரும் கண்ட காட்சிதான். பட்டறைக்குப் போனால், "பாட்டரி போய்விட்டது, புதிது போடுங்கள்" என்பார்கள். புதிய பாட்டரி சில ஆயிரம் ரூபாய். மாணவன் பையிலிருந்து அதை எடுக்குமுன், நோய் எங்கே இருக்கிறது என்று நாமே பார்த்துவிடுவது நலம். அன்றியும், தில்லிக் குளிர்காலத்து மூடுபனியில் நிற்கும் வண்டியின் விளக்கு மங்குவது உயிருக்கே ஆபத்து.

பாட்டரியின் முதல் வேலை இஞ்சினை முடுக்கிவிடுவது. இஞ்சின் ஓடத் தொடங்கியபின் விளக்குகளுக்கு மின்சாரம் தருவதும், பாட்டரிக்கு மின்னூட்டம் ஏற்றுவதும் பெல்ட்டினால் சுழலும் ஆல்டர்னேட்டர். கம்பிச் சுருளருகே காந்தப் புலம் மாறினால் மின்னழுத்தம் பிறக்கும். விரைந்து மாறினால் மிகுதியாகப் பிறக்கும். 1831-ல் பாரடே கண்ட உண்மை இது. மிதிவண்டி டைனமோவைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மேட்டில் மிதிக்க முடியாமல் தள்ளாடும்போது விளக்கும் தள்ளாடும்!

முன்னாளில் காரிலும் டைனமோதான் இருந்தது. அதில் முழு மின்னோட்டமும் சுழலும் சுருளிலிருந்து, பிரஷ் வழியாக வெளியே வரவேண்டும். அதை மிக வேகமாகச் சுழற்ற இயலாது. ஆகவே இஞ்சின் மெதுவாக ஓடும்போது அது ஏறக்குறைய ஒன்றும் தராது. அக்கார்களில் விளக்கு மங்குவது நோயன்று, இயல்பே. 1960-ல் கிறைஸ்லர் நிறுவனம் வேலியன்ட் காரில் ஆல்டர்னேட்டரைப் பொருத்தியது; பிறகு மற்றவர்களும் மாறினர். இதில் காந்தம்தான் சுழல்கிறது. மின்சாரம் அசையாத சுருளிலிருந்து கிடைக்கிறது. இஞ்சினைப்போல் இரண்டு, மூன்று மடங்கு வேகத்தில் இதைச் சுழற்றலாம். ஆயினும் இஞ்சின் நிமிடத்துக்கு 800 சுற்று மட்டும் ஓடும்போது, தன் முழுத் திறனில் பாதியையோ அதற்கும் குறைவாகவோதான் தரும். முகப்பு விளக்கு இரண்டும் சேர்ந்து 10 ஆம்பியர் கேட்கும். பின்கண்ணாடிச் சூடேற்றியும் காற்றாடியும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

ஆனால் சிறு குறைவு ஏன் இவ்வளவு கண்ணில் படுகிறது? இழை விளக்கின் ஒளி, மின்னழுத்தத்தின் ஏறத்தாழ 3.4-ஆம் அடுக்குக்கு ஏற்ப மாறுகிறது. 13.5 வோல்ட் 12 ஆகும்போது அழுத்தம் குறைவது ஒன்பதில் ஒரு பங்கு. ஒளி குறைவதோ மூன்றில் ஒரு பங்கு! இழை சற்றே ஆறியதும் அதன் கதிர்வீச்சு சிவப்புப் பக்கமும், கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிர்ப் பக்கமும் ஒதுங்கிவிடுவதே காரணம்.

இனிச் சோதனை. சில நூறு ரூபாய்க்கு ஒரு மல்டிமீட்டர் போதும். கியரை நியூட்ரலில் வைத்து, கைப்பிரேக்கைப் போடுங்கள். குளிருக்குச் சுற்றிய மப்ளரைக் கழற்றிவிடுங்கள். பெல்ட்டுக்கு மப்ளர் என்றால் கொள்ளை ஆசை.

இரவெல்லாம் ஓய்ந்திருந்த நல்ல பாட்டரி 12.6 வோல்ட் காட்டும். இஞ்சினை ஓடவிட்டு, விளக்கைப் போட்டுப் பாட்டரி முனைகளில் அளந்தால் 13.5-ஐ ஒட்டி இருக்கவேண்டும். 12.5-க்குக் கீழே போனால் பாட்டரியே சுமையைத் தாங்குகிறது என்று பொருள். 2000 சுற்றுக்கு உயர்த்தியதும் 14 வருகிறதா? அப்படியானால் தளர்ந்த பெல்ட், மிகக் குறைந்த ஐடில் வேகம், தேய்ந்த பிரஷ், பழுதான டயோடு இவற்றுள் ஒன்று. மீட்டரை மாறுமின்சாரத்துக்குத் திருப்பினால் பாட்டரியில் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டுகிறதெனில் டயோடையே ஐயுறலாம். உயர்த்தியும் ஏறாவிட்டால் ஆல்டர்னேட்டரையோ ரெகுலேட்டரையோ பிரித்துப் பார்க்கவேண்டியதுதான். புதிய கார்கள் சிலவற்றில் எரிபொருள் சிக்கனத்துக்காகக் கணினியே அழுத்தத்தைக் குறைக்கும். அவற்றுக்கு இக்கணக்கு அப்படியே பொருந்தாது.

பாட்டரியில் அளவு சரியாக இருந்து, விளக்கின் முனையில் அரை வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் குற்றம் கம்பியிலும் ஸ்விட்சிலும் எர்த் இணைப்பிலும் இருக்கிறது. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பச்சை பூத்த ஓர் இணைப்பைச் சுரண்டித் துடைத்தால் தீரும் நோய்க்குப் புதிய பாட்டரி வாங்குகிறார்கள். இஞ்சினை நிறுத்தி, பாட்டரியின் எதிர்முனையை முதலில் கழற்றி, சமையல் சோடாக் கரைசலால் கழுவி, கம்பிப் பிரஷால் தேய்த்து, இறுக்கியபின் வாசலின் தடவினால் போதும். பழைய வண்டியில் விளக்கின் மின்னோட்டம் முழுதும் ஸ்விட்ச் வழியே சென்றால், ஒரு ரிலேயும் தடித்த கம்பியும் ஃப்யூஸும் போட்டுப் பாட்டரியிலிருந்து நேரே கொடுக்கலாம்.

செய்யக்கூடாதவை இரண்டு. 100 வாட் பல்பு போட்டால் ஜோடிக்கு 16 ஆம்பியருக்கு மேல் ஆகி, மங்கல் மிகும், கம்பியும் தீயும். அடுத்தது, ஓடும் இஞ்சினில் பாட்டரியைக் கழற்றி ஆல்டர்னேட்டரைச் சோதிப்பது. டைனமோ நாளின் பழக்கம் அது. இன்று சில பட்டறைகளில் இன்னும் செய்கிறார்கள். பாட்டரி இல்லாத கணத்தில் அழுத்தம் பல பத்து வோல்ட் எகிறி டயோடையும் கணினியையும் பொசுக்கிவிடும்.

எல்.இ.டி. விளக்குள்ள கார்களில் மங்கல் அநேகமாகத் தெரியாது. உள்ளே இருக்கும் மின்சுற்று ஒளியைக் காத்துவிடுகிறது. அங்கே எச்சரிப்பது ஓட்டுநர் முன்னுள்ள பாட்டரிப் படம் போட்ட சிவப்பு விளக்கு மட்டுமே. இஞ்சின் ஓடும்போது அது எரிந்தால், அன்றைக்கே பெல்ட்டைப் பாருங்கள்.